பிரேதப் பரிசோதகர் ஸர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி

உயிர் நீத்த உடல் பொய் சொல்லாது என்பது உலகத்தார் பலருடைய எண்ணம். சாட்சிகள் பணத்திற்காகவும் பயத்திற்காகவும் மொழி மாறுவர்; பிரேதமோ எவருக்கும் அஞ்சுவதில்லை. இவ்வெண்ணம் ஒருவாறு உண்மையே. ஆயினும் பிரேதம் தானாக ஒன்றையும் பேசுவதுமில்லை. தோலின்மேல் காணும் ஒரு கோடு முன்னாளில் செய்த இரண சிகிச்சையின் தழும்போ, அன்றி மண்ணுக்குள் அழுந்திக் கிடந்ததால் உண்டான மடிப்போ என்பதை மனிதன் ஒருவன் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அவன் சொல்லை நம்பியே பன்னிரண்டு ஜூரர்கள் மற்றொருவன் கழுத்துக்குக் கயிற்றைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஆங்கில நாட்டில் இத்தொழிலுக்கே உருவமாய் விளங்கியவர் ஸர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி. அவரைத் தவறாதவர் எனக் கொண்டாடினோரும் உளர். பின்னாளில் அவரைக் குறைகூறினோரும் உளர். நாம் இரு சாராரையும் சற்று விலக்கி, அவர் கண்ணால் கண்டது எது, கண்டதினின்று ஊகித்தது எது என்று பிரித்துப் பார்த்து அவர் வரலாற்றைக் கூற முயல்வோம். வைத்தியமும் சட்டமும் பயிலக் கருதும் நம் மாணவர்க்கு இது பயன்படுமென நம்புகிறோம்.

பெர்னார்டு ஹென்றி ஸ்பில்ஸ்பரி 1877-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி வார்விக்ஷயரைச் சேர்ந்த லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இரசாயனப் பொருள்கள் செய்யும் தொழிலினர். நால்வர் மக்களுள் பெர்னார்டே மூத்தவர். ஆக்ஸ்போர்டிலுள்ள மாடலின் கல்லூரியில் பயின்று 1899-இல் பட்டம் பெற்று, அவ்வாண்டே லண்டன் மாநகரில் பாடிங்டன் பகுதியிலுள்ள செயின்ட் மேரி ஆஸ்பத்திரியின் வைத்தியப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே லப், வில்காக்ஸ், பெப்பர் என்னும் மூவர், நஞ்சுகளையும் ஐயத்திற்கிடமான மரணங்களையும் ஆராய்வதில் பேர்போனவராயிருந்தனர். இளைஞரான ஸ்பில்ஸ்பரி நோயாளிகளுக்கு மருந்தளிக்கும் வழியை விட்டு, இம்மூவர் சென்ற வழியையே பற்றினார். 1905-இல் வைத்தியப் பட்டமும் பெற்று, அவ்வாஸ்பத்திரியிலேயே நோய்க்குறியாராய்ச்சித் துறையில் உதவி உத்தியோகமும் பெற்றார். 1908-இல் ஈடித் ஹார்ட்டன் என்னும் மாதை மணந்தார்.

தாம் அறுத்துப் பார்த்த ஒவ்வோர் உடலைப் பற்றியும் சிறு அட்டையொன்றில் தம் கைப்பட எழுதிவைப்பது அவர் வழக்கம். நெடிய உருவமும் அழகிய முகமும் உயர்ந்த தொப்பியும் சட்டையில் செருகிய பூவுமாக அவர் பிண அறைக்குள் நுழைவதைப் பத்திரிகைக்காரர் வியந்தெழுதுவர். உள்ளே சென்றபின் அவர் நடப்பதோ வேறு. மூக்கைப் பொத்திக்கொள்வதற்கு மாறாக, குனிந்து முகர்ந்து பார்ப்பார். நாற்றமும் ஓர் அடையாளமே என்பது அவர் கொள்கை. பேச்சு மிகக் குறைவு. மாணாக்கர் கூட்டம் ஒன்றைத் தம்மைச் சூழ வைத்துக்கொண்டவரல்லர். இத்தனிமை அவர் பெருமைக்கும் காரணம், குறைக்கும் காரணம் என்பது எம் கருத்து.

அவர் பெயரை உலகறியச் செய்தது 1910-ஆம் ஆண்டின் கிரிப்பன் வழக்கு. அமெரிக்க நாட்டினரான ஹாலி ஹார்வி கிரிப்பன் என்னும் வைத்தியர் லண்டனில் ஹில்டிராப் கிரெஸென்ட் என்னும் தெருவில் 39-ஆம் எண் வீட்டில் வசித்தார். அவர் மனைவி கோரா மேடைப் பாடகி. 1910 ஜனவரி 31-ஆம் தேதி இரவு விருந்தினர் சென்றபின் கோராவைக் கண்டவர் எவருமிலர். ஜூலை 13-ஆம் தேதி அவ்வீட்டின் நிலக்கரி அறைத் தளத்தைப் போலீஸார் தோண்டினர். சுண்ணாம்புடன் புதைக்கப்பட்ட தசைத்துண்டங்கள் வெளிப்பட்டன. தலையில்லை, எலும்பில்லை, கைகாலில்லை, ஆணோ பெண்ணோ என்று அறிதற்குரிய உறுப்புமில்லை. அதற்குள் கிரிப்பன் தம் காதலியை ஆணுடை தரிப்பித்துக்கொண்டு மான்ட்ரோஸ் என்னும் கப்பலில் கனடாவுக்குப் புறப்பட்டிருந்தார். கப்பல் தலைவர் கம்பியில்லாத் தந்தியால் செய்தி அனுப்ப, இன்ஸ்பெக்டர் டியூ விரைவான வேறொரு கப்பலில் முந்திச் சென்று ஜூலை 31-ஆம் தேதி அவரைக் கைதுசெய்தார். இக்கதை யாவரும் அறிந்ததே. நாம் கவனிக்கவேண்டியது ஒரு தோல் துண்டை.

அது ஏறக்குறைய ஏழு அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமும் உள்ளது, அடிவயிற்றினின்று வந்தது. அதில் நான்கு அங்குல அளவில் ஓர் அடையாளம் இருந்தது. கோராவுக்கு முன்னர் கருப்பையைச் சார்ந்த இரண சிகிச்சை நடந்து அடிவயிற்றில் தழும்பு இருந்ததென்பது சாட்சிகளால் அறியப்பட்டது. எனவே அவ்வடையாளம் தழும்பாயின் பிணம் கோராவுடையது. வெறும் மடிப்பாயின் பிணம் யாருடையதென்றே சொல்லமுடியாது. இதை நிர்ணயிப்பது எங்ஙனம்? நல்ல தோலில் மயிர்க்கால்களும் எண்ணெய் சுரக்கும் நுண்பைகளும் உண்டு. ஆறிய தழும்பின் நடுவில் இவை இரா. எதிர்வாதியின் பக்கத்து வைத்தியர்களான டர்ன்புல், வால் என்போர், அவ்விடத்தில் மயிர்க்கால் காணப்படுவதால் அது மடிப்பே என்றனர். அப்பொழுது 33 வயதினரான ஸ்பில்ஸ்பரி, அம்மயிர்க்கால்கள் ஓரத்துத் தோல் உள்ளே மடங்கியதால் சேர்ந்தவையென்றும், நடுவிலுள்ளது தழும்பே என்றும் அமைதியாகக் கூறினார். தாம் மைக்கிராஸ்கோப்புக்கென ஆயத்தம் செய்த கண்ணாடித் தகடுகளைப் பக்கத்து அறையில் வைத்து ஜூரர்களுக்கும் காட்டினார். கடைக்காரரும் கணக்கெழுதுவோருமான ஜூரர்கள் அக்கண்ணாடியில் கண்டது என்னவோ நாமறியோம். அவர்கள் கண்டது பெரும்பாலும் ஸ்பில்ஸ்பரியின் உறுதியைத்தான் என்று நினைக்கிறோம். டர்ன்புல் தக்க நிபுணரேயாயினும், சிறிது நேரமே பார்த்துத் தம் முதல் அபிப்பிராயத்தைத் தந்திருந்தார். குறுக்குக் கேள்விகளில் அது வெளிப்பட்டது.

நேர்மையாகச் சொல்லின், கிரிப்பனைச் சிக்கவைத்தது தழும்பு ஒன்றே அன்று. தசையில் வில்காக்ஸ் கண்டுபிடித்த ஹயோஸின் என்னும் நஞ்சும், அதே நஞ்சில் ஐந்து கிரெயின் கிரிப்பன் ஜனவரியில் வாங்கியிருந்ததும், பிணத்தோடு கிடந்த இரவுச் சட்டைத் துண்டு கிரிப்பன் அவ்வீட்டிற்கு வந்தபின்னர் விற்கப்பட்டதென்று கடைக் கணக்கு காட்டியதும், அவருடைய ஓட்டமும் சேர்ந்தே அவரை வீழ்த்தின. ஜூரர்கள் அரைமணி நேரத்திற்குள் குற்றவாளி என்றனர். நவம்பர் 23-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். இதற்கொரு பின்கதையுண்டு. அக்காலத்துக் கண்ணாடித் தகடு ஒன்று லண்டன் ஆஸ்பத்திரியொன்றில் காக்கப்பட்டு வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஆராய்ச்சியாளர் அதிலிருந்த திசுவின் பரம்பரை அணுக்கூறாகிய டி.என்.ஏ.வைச் சோதித்து, அது கோராவின் தாய்வழி உறவினருடையதோடு ஒவ்வவில்லையென்று 2007-இல் அறிவித்தனர்; அது ஓர் ஆணுடையதென்றும் பின்னர்க் கூறினர். பழைய தகடு பலர் கைபட்டதென்றும், உறவுமுறை சரியாக நிறுவப்படவில்லையென்றும் மறுப்போர் உளர். ஆக, ஒரே தோல் துண்டு நூறாண்டு கழிந்தும் இருவகையாகப் படிக்கப்படுகிறது!

ஐந்தாண்டுகளின் பின் வந்த ஜார்ஜ் ஜோஸப் ஸ்மித் வழக்கில் அடையாளமின்மையே சிக்கலாயிற்று. இக்கொடியோன் பெயர்களை மாற்றி மாற்றிப் பெண்களை மணந்தான். அவர்களுள் மூவர் 1912 ஜூலையிலும், 1913 டிசம்பரிலும், 1914 டிசம்பரிலும் வெவ்வேறு ஊர்களில் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தனர். ஒவ்வொன்றும் தற்செயல் மரணமென முடிவுசெய்யப்பட்டது. மூன்றாமவளுடைய மரணச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த இரண்டாமவளின் தந்தை ஐயுற்றதால் உண்மை வெளிவந்தது. ஸ்பில்ஸ்பரி புதைகுழிகளைத் திறந்து உடல்களைப் பார்த்தார். போராடிய அடையாளம் எங்கே? கழுத்தில் விரற்பதிவு எங்கே? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே அவர் உடலை விட்டுத் தொட்டியை அளந்தார். முதற் பெண் ஐந்தடி ஏழங்குல உயரமுள்ளவள், தொட்டியோ ஐந்தடியே. வலிப்பு நோயால் மூழ்கினாள் என்பது முன்னர் ஏற்கப்பட்ட காரணம். வலிப்பின் தொடக்கத்தில் உடல் விறைத்து நீளும்; நீண்டால் அத்தொட்டியில் தலை நீருக்குமேல் தள்ளப்படுமேயன்றி உள்ளே அமிழாது என்று அவர் எடுத்துக்காட்டினார். அவள் வலக்கையில் சவர்க்காரக் கட்டி இறுகப் பற்றியபடி இருந்ததும், மரணம் ஒரு நொடியில் வந்ததெனக் காட்டியது. போலீஸ் இன்ஸ்பெக்டர் நீல் என்பவர் நீச்சல் வல்ல பெண்ணொருத்தியைத் தொட்டியில் இருத்தித் திடீரெனக் கால்களைப் பற்றியிழுக்க, அவள் அக்கணமே நினைவிழந்தாள். அரைமணி நேரம் பாடுபட்டே அவளை உணர்வுக்குக் கொணர்ந்தனர். இப்படிச் செய்து பார்க்கலாமா என்று இன்று நாம் திகைக்கிறோம். நீதிபதி ஸ்கிரட்டன் மற்ற இரு மரணங்களையும் சாட்சியமாக ஏற்றார். ஒன்றில் மட்டும் நோக்கின் ஐயத்துக்கு இடமுண்டு, மூன்றிலும் ஒரே விதி நேர்வதெங்ஙனம்? ஸ்மித் 1915 ஆகஸ்டு 13-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டான். ஸ்பில்ஸ்பரியின் மதி மிகச் சிறப்பாக விளங்கியது இவ்வழக்கிலேயே என்போம். ஏனெனில் இங்கே அவர் தம் கண்ணை மட்டும் நம்பச் சொல்லவில்லை. தொட்டியின் அளவை எவரும் சரிபார்க்கலாம்.

1923-இல் அவர் ஸர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஈஸ்ட்பர்ன் நகருக்கு அருகே கடற்கரைக் குடிலொன்றில் துண்டிக்கப்பட்ட பெண்ணுடலை ஆராயச் சென்றபோது, போலீஸார் வெறுங்கையால் அழுகிய தசையை அள்ளுவதைக் கண்டு திடுக்கிட்டார். ரப்பர் கையுறை, இடுக்கி, பூதக்கண்ணாடி, சிறு புட்டிகள் முதலியவற்றை ஒருங்கே கொண்ட பையொன்று துப்பறிவோர்க்கென ஏற்பட்டது அவர் முயற்சியால்தான். நாடகம் போன்ற வழக்குகளைவிட இப்பை செய்த நன்மை பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி வருத்தத்திற்குரிய பகுதிக்கு வருகிறோம். ஸஸ்ஸெக்ஸில் கிரோபரோ என்னுமிடத்தில் கோழிப்பண்ணை நடத்திய நார்மன் தார்ன் என்னும் இளைஞன், எல்ஸி கேமரன் என்ற பெண்ணுக்கு மணவாக்குக் கொடுத்து வேறொருத்திமேல் மனம் வைத்தான். 1924 டிசம்பர் 5-ஆம் தேதி எல்ஸி அவன் குடிலுக்கு வந்தாள், பின் காணப்படவில்லை. மறு ஜனவரியில் துண்டுகளாக்கப்பட்ட அவள் உடல் கோழிகள் மேயும் நிலத்தினடியில் கிடைத்தது. தான் வெளியே சென்று திரும்பியபோது அவள் உத்தரத்தில் தூக்கிட்டுத் தொங்கினாள் என்றும், அச்சத்தால் உடலை வெட்டிப் புதைத்ததாகவும் தார்ன் கூறினான். ஸ்பில்ஸ்பரி பரிசோதித்து, தலையிலும் முகத்திலும் பிற இடங்களிலும் கன்றிய காயங்கள் உள்ளன, அடிபட்ட அதிர்ச்சியே மரணகாரணம், தூக்கின் அடையாளம் எதுவுமில்லை என்றார். கழுத்தில் இரண்டு கோடுகள் இருந்தமை அவர் கண்ணிற்பட்டது. அவை எந்தப் பெண்ணின் கழுத்திலும் காணும் இயற்கை வரைகள் எனக் கருதி, அவற்றினின்று தசையெடுத்து மைக்கிராஸ்கோப்பில் பார்க்காமலே விட்டார்.

எதிர்வாதியின் வேண்டுகோளால் பிப்ரவரி இறுதியில் உடல் மறுபடியும் தோண்டியெடுக்கப்பட்டது. ராபர்ட் பிராண்டி என்னும் ஐரிஷ் நிபுணர், ஸ்பில்ஸ்பரி உடனிருக்க, அக்கோடுகளினின்று தசையை எடுத்தார். அவற்றில் சிறு குழாய்கள் உடைந்து இரத்தம் பரவிய குறி தெரிவதாகவும், கயிறு அழுத்தியதற்கு அது சான்றென்றும், தூக்கிட முயன்றவள் உயிர் போகுமுன் இறக்கப்பட்டு அதிர்ச்சியால் இறந்திருக்கலாமென்றும் அவர் கூறினார். அதே தசையினின்று தாம் செய்த தகடுகளைப் பார்த்த ஸ்பில்ஸ்பரி, அழுகல் மிகுந்துவிட்டதால் அவற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். நண்பர்காள், இதை ஊன்றிக் கவனியுங்கள். முதல் நாளில், தசை இன்னும் ஓரளவு படிக்கத்தக்கதாயிருந்தபோது, பார்க்கக்கூடியவர் ஒருவரே, அவர் பார்க்கவில்லை. பின்னர்ப் பார்க்க விரும்பியோர்க்குப் பொருள் அழிந்துபோயிற்று. எதிர்வாதியின் பக்கம் வைத்தியர் பலர் நின்றனர். ஆயினும் நீதிபதி பின்லே ஜூரர்களுக்கு வழக்கை விளக்குகையில் ஸ்பில்ஸ்பரியின் அபிப்பிராயத்தினும் மேலானது கிடைப்பதரிது என்ற கருத்துப்பட உரைத்தார். ஜூரர்கள் சுமார் அரைமணி நேரத்தில் முடிவு கூறினர். 1925 ஏப்ரல் 22-ஆம் தேதி தார்ன் தூக்கிலிடப்பட்டான்.

தார்ன் நிரபராதி என்று நாம் வாதிக்கவில்லை. உடலை வெட்டிப் புதைத்துவிட்டு, காணாமற்போனவளைத் தேடுவோருடன் தானும் தேடுவதுபோல் நடித்தவன் அவன். உத்தரத்தில் கயிறு உராய்ந்த அடையாளம் இல்லையென்றும் போலீஸார் கூறினர். ஆனால் ஐயத்தின் பயன் எதிர்வாதிக்கே உரியது என்பது ஆங்கிலச் சட்டத்தின் ஆணிவேர். ஒருவர் பெயரின் பெருமையால் அவ்வையம் எடைபோடப்படாமலே போயிற்று என்று சட்டப் பத்திரிகைகள் அக்காலத்திலேயே முறையிட்டன. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றவரும் கிரோபரோவாசியுமான ஸர் ஆர்தர் கானன் டாயிலும் தம் ஐயத்தை வெளியிட்டார்.

1929-ஆம் ஆண்டு மார்கேட் நகரத்து மெட்ரோபோல் ஹோட்டலில் நேர்ந்தது இதனினும் விந்தையானது. அக்டோபர் 23-ஆம் தேதி இரவு 11 மணி 40 நிமிஷ அளவில் ஸிட்னி பாக்ஸ் என்பவன் தன் தாயின் அறையில் தீ என்று கூவினான். தாய் ரோஸலீன் உயிரற்றுக் கிடந்தாள். அவள்மேல் எடுக்கப்பட்ட இன்ஷியூரன்ஸ் அன்று நள்ளிரவோடு தீர்வதாயிருந்தது. பதினேழு நாட்கள் கழித்து ஸ்பில்ஸ்பரி உடலை ஆராய்ந்தார். மூச்சுக்குழலில் கரியில்லை, இரத்தத்தில் புகையின் நச்சுவாயு இல்லை, ஆகவே தீப்பற்றுமுன்பே மூச்சு நின்றுவிட்டது என்றார். இது யாவரும் ஒப்பக்கூடிய தெளிவான முடிவு. அடுத்து, குரல்வளையின் பின்புறம் அரை கிரௌன் நாணய அளவில் இரத்தம் கன்றிய இடமொன்றைக் கண்டதாகவும், அது கழுத்து நெரிக்கப்பட்டதற்கு அடையாளமென்றும் கூறினார். அக்குரல்வளையை ஃபார்மலினில் இட்டுவைத்தார். எடின்பரோ சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸிட்னி ஸ்மித்தும் பிராண்டியும் பின்னர் அதனைப் பார்த்தபோது கன்றலே இல்லை! முதலில் தெரிந்தது அழுகலால் வந்த நிறமாற்றமாயிருக்கலாம். உண்மையான கன்றலாயின் திசுவில் தங்கியிருக்கும் என்றனர் அவ்விருவரும். கிழவியின் கழுத்தில் எளிதில் முறியக்கூடிய நாவடி எலும்பு முறியாதிருந்ததையும் எடுத்துரைத்தனர். ஸ்பில்ஸ்பரியோ, கன்றல் இருந்தது, தாம் கண்டார், ஃபார்மலினில் இடுமுன்பே அது மங்கிவிட்டது என்று கூறி, அணுவளவும் அசைந்தாரில்லை.

பாக்ஸை வீழ்த்தியது அவன் வாயே. தீயைக் கண்டவுடன் தாயிருந்த அறைக் கதவை ஏன் சாத்தினாய் என்ற கேள்விக்கு, ஹோட்டல் முழுதும் புகை பரவாமலிருக்க என்று விடையளித்தான்! 1930 ஏப்ரல் 8-ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. அவன் குற்றவாளி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒருவர் மட்டுமே கண்டதும், பிறர் பார்க்குமுன் மறைந்ததுமான அடையாளத்தை விஞ்ஞான சாட்சியம் என்று எங்ஙனம் அழைப்பது? இரசாயன வகுப்பில் ஒரு மாணவன், தன் சோதனைக் குழாயில் நீலநிறம் வந்தது, ஆசிரியர் வருமுன் போய்விட்டது என்றால் அவனுக்கு எத்தனை மார்க்குக் கிடைக்கும்?

உடற்குறிகள் எத்துணை வளைந்துகொடுப்பவை என்பதை ஸ்பில்ஸ்பரி அறியாதவரல்லர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-இல், பிரிட்டிஷ் கடற்படை உளவினர் ஓர் உபாயம் வகுத்தனர். இறந்த ஒருவனுக்குப் படைவீரன் உடை தரித்து, பொய்க் கடிதங்களைப் பையில் வைத்து, விமான விபத்தில் கடலில் வீழ்ந்தவன்போல் ஸ்பெயின் நாட்டுக் கரையில் ஒதுங்கச் செய்து, ஜெர்மானியரை ஏமாற்றுவதே அது. அந்நாட்டு வைத்தியர் அறுத்துப் பார்த்தால் சூது வெளிப்படாதா என்று அவர்கள் அணுகிக் கேட்டது ஸ்பில்ஸ்பரியைத்தான். அப்படிக் கடலில் வீழ்ந்தோர் மூழ்கித்தான் இறப்பர் என்பதில்லை. குளிராலும் அதிர்ச்சியாலும் இறக்கலாம். நுரையீரலில் நீரில்லாமை எதையும் காட்டிக்கொடாது என்று அவர் தைரியம் சொன்னார். ஏப்ரல் 30-ஆம் தேதி அவ்வுடல் ஊவெல்வா அருகே கடலில் விடப்பட்டது, சூது பலித்தது. ஒரு பிணத்துக்குப் பல விளக்கங்கள் பொருந்துமென்று உளவினரிடம் இவ்வளவு தெளிவாகக் கூறியவர், சாட்சிக் கூண்டில் ஒரே விளக்கத்தைத் தவிர மற்றொன்றுக்கு இடம் கொடாதது ஏன்? இரண்டிலும் அவர் பொய் சொன்னாரென்று நாம் எண்ணவில்லை. நீதிமன்றம் அவரிடம் எதிர்பார்த்தது ஐயத்தையன்று. எதிர்பார்த்ததை முப்பதாண்டுகள் கொடுத்துவந்தவர்க்கு வேறுவிதமாய்ப் பேசும் பழக்கம் அற்றுப்போயிருக்கக்கூடும்.

அவருடைய இறுதிக்காலம் துயர் நிறைந்தது. 1940-இல் பக்கவாதம் கண்டது. அவ்வாண்டே, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியராயிருந்த மகன் பீட்டர் குண்டுவீச்சில் மாண்டான். 1945-இல் மற்றொரு மகன் ஆலன் க்ஷயரோகத்தால் இறந்தான். எத்தனையோ பிறர் மைந்தர்களின் உடல்களைக் கலங்காது நோக்கிய கண் இவற்றைத் தாங்கவில்லை. ஆயினும் வேலையை விட்டாரில்லை. லண்டனில் நாள்தோறும் நேரும் திடீர் மரணங்களைப் பார்க்க ஒரு பிண அறையினின்று மற்றொன்றிற்குத் தளர்ந்த நடையோடு சென்றுகொண்டேயிருந்தார். 1947 டிசம்பர் 17-ஆம் தேதி மாலை, லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியிலிருந்த தமது ஆராய்ச்சி அறையில், எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டுத் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் மரணத்தின் காரணத்தைப் பற்றி நிபுணர்க்குள் எவ்வித வாதமும் எழவில்லை.

வாழ்நாளில் அவர் செய்த பரிசோதனைகள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை எனக் கூறுவர். அவற்றினின்று நீதி வைத்திய நூலொன்று இயற்றவேண்டுமென்று அவர் எண்ணியிருந்தார். அதற்காகவே அட்டைகள் சேர்ந்துகொண்டிருந்தன. நூல் எழுதப்படவில்லை. அட்டைகளுள் சுமார் நாலாயிரம் 2008-இல் ஏலத்திற்கு வந்து, லண்டனிலுள்ள வெல்கம் நூல்நிலையத்தைச் சேர்ந்தன. பெயர், வயது, கண்ட காயம், மரணகாரணம் என்பவை அவருடைய நுண்ணிய கையெழுத்தில் நெருங்க எழுதப்பட்டுள்ளன. அவர் உயிரோடிருந்த காலத்தில் எவர்க்கும் கிட்டாத அக்குறிப்புக்களை இப்பொழுது ஆராய்ச்சி மாணவர் எடுத்துப் படிக்கின்றனர்.